டிரிப்பர் விழுந்தால் ஆம்பியரைக் கூட்டாதீர்கள்

பஞ்சர் கடை, மரப்பட்டறை, வாட்டர் வாஷ் என்று எங்கே போனாலும் இதே கதைதான். சின்ன ஏர் கம்பிரசரைப் போட்டதும் டிரிப்பர் விழுகிறது. உடனே 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 மாட்டுகிறார்கள். ஒரு கடையில் டிரிப்பர் கைப்பிடியைத் தூக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் போட்டாலும் உள்ளே அது விழத்தான் செய்யும். விழுந்தது வெளியே தெரியாது, அவ்வளவுதான். டிரிப்பர் சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பதற்காக இருக்கிறது. 1.5 சதுர மி.மீ. வயருக்கு 32 ஆம்பியர் போட்டால், எரியப்போவது அந்த வயர்தான்.

முதலில் எக்ஸ்டென்ஷன் வயரோடு உள்ள ஜங்ஷன் பாக்ஸை எடுத்துவிட்டு, எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் நேராகப் போட்டுப் பாருங்கள். நீளமான மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் சுற்ற முடியாமல் முனகிக்கொண்டே கரண்டை இழுக்கும். தூரம் வேண்டுமென்றால் காற்றுக் குழாயை நீட்டுங்கள், வயரை நீட்டாதீர்கள்.

அப்புறம் டிரிப்பரின் முகத்தில் ஆம்பியருக்கு முன்னால் உள்ள எழுத்து. ‘பி’ ரகம் 3 முதல் 5 மடங்கு கரண்டிலேயே சட்டென்று விழும். மோட்டாரோ கிளம்பும்போது 5, 6 மடங்கு இழுக்கும். அதே ஆம்பியரில் ‘சி’ ரகம் போடலாம். அதே ஆம்பியரில்தான்! அதையும் சான்று பெற்ற வயர்மேன் செய்யட்டும்.

முதல் தடவை ஓடி, டேங்க் நிறைந்து நின்றபின் மறுபடி கிளம்பும்போது மட்டும் விழுகிறதா? மோட்டார் நிற்கும்போது பிரஷர் ஸ்விட்ச் பக்கம் ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் பிஸ்டன் தலையில் காற்று அடைபட்டிருக்கிறது. அந்தச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு போய்விட்டது. டேங்கைக் காலி செய்தும் முனகினால் கெபாசிட்டராக இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கும், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

விழுவது டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி. என்றால் கதையே வேறு. எங்கோ கரண்ட் கசிகிறது. அதற்காக எர்த் வயரை வெட்டும் புத்திசாலிகள் உண்டு. வெட்டாதீர்கள், கசிந்த கரண்ட் பிறகு உங்கள் உடம்பு வழியாகத்தான் போகும்.

மாலையில் மட்டும் தொல்லை என்றால் மீட்டர் பக்கத்தில் வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். 230இல் 6 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதாவது சுமார் 216க்குக் கீழே போனால், அது மின்வாரியத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டில் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987இல் புகார் செய்து எண் வாங்குங்கள். இணைப்பு எண், அளந்த நேரம், அளவு எழுதிப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் மனு கொடுங்கள். “பார்க்கிறோம்” என்ற பதிலோடு திரும்பாதீர்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அசையவில்லையென்றால் வட்ட மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர் மன்றம். அதற்கும் மேலே சென்னையில் மின்குறை தீர்ப்பாளர்.

மனுவோடு போகுமுன் உங்கள் இணைப்பு எந்த வகை என்று பாருங்கள். வீட்டு இணைப்பில் கடைக் கம்பிரசரை ஓட்டினால், 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு கேட்பார்கள். வகை மாற்றத்துக்கும் கூடுதல் மின்பளுவுக்கும் முதலில் விண்ணப்பித்துவிடுங்கள்.