வண்ணப்படம் மறைக்கும் வாக்குகள்

தேர்தல் முடிவு வெளியான மறுநாள் செய்தித்தாளைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் தமிழ்நாட்டின் படம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் அங்கு வென்ற அணியின் வண்ணம் தீட்டியிருப்பார்கள். "மேற்கு மாவட்டங்கள் இவர்கள் பக்கம், சென்னை அவர்கள் பக்கம்" என்று பெரியவர்கள் அந்தப் படத்தைக் காட்டிப் பேசிக்கொள்வார்கள். அந்தப் படம் சொல்வதை அப்படியே நம்பலாமா? மாமல்லபுரம் கடற்கரையிலிருந்தே ஆராயத் தொடங்குவோம்.

கடற்கரைக் கோயிலைப் பார்க்கச் சுற்றுலா சென்றிருப்பீர்கள். மாமல்லபுரம் திருப்போரூர் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. கரையோரம் மீனவர் குப்பங்கள், உள்ளே ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் கிராமங்கள், பழைய மாமல்லபுரம் சாலை நெடுகப் புதிதாக எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் என்று பலவகை மக்கள் வாழும் தொகுதி இது.

2016-ஆம் ஆண்டுத் தேர்தலில் இங்கு அ.தி.மு.க. வேட்பாளர் 70,215 வாக்குகள் பெற்றார். தி.மு.க. வேட்பாளர் பெற்றவை 69,265. வித்தியாசம் 950 வாக்குகள்தாம். ஒரே ஒரு வாக்குச் சாவடியின் பட்டியலிலேயே ஏறத்தாழ ஆயிரம் பேர் இருப்பதுண்டு என்பதை நினைத்துப் பாருங்கள்!

இப்போது ஒரு சிறு கணக்கு. இந்த இருவருக்கும் வாக்களித்தவர்களில் 1,000 பேரைக் கடற்கரையில் வரிசையாக நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். விகிதப்படி 503 பேர் ஒரு பக்கம், 497 பேர் மறுபக்கம் நிற்பார்கள். ஆனால் செய்தித்தாள் படத்தில் என்ன ஆகிறது? அந்த 497 பேரும் காணாமற் போகிறார்கள். தொகுதி முழுவதும் ஒரே வண்ணம்! மூன்றாம் இடத்தில் வந்தவர் 950-ஐப் போலப் பல மடங்கு வாக்குகள் பெற்றிருந்தார். அவருக்கு வாக்களித்தவர்களுக்கும் படத்தில் இடமில்லை.

2019-இல் அதே திருப்போரூரில் இடைத்தேர்தல் வந்தது. இம்முறை தி.மு.க. 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றது. சரி, இனி இது தி.மு.க. அணியின் கோட்டை என்று சொல்லிவிடலாமா? 2021 பொதுத் தேர்தலில் அந்த அணியில் போட்டியிட்ட விடுதலைச் சிறுத்தைகள் வேட்பாளர், எதிரணியின் பா.ம.க. வேட்பாளரை வென்றது வெறும் 1,947 வாக்குகளில். மீண்டும் கடுமையான போட்டி!

இனிச் செங்கல்பட்டு மாவட்டம் முழுவதையும் பார்ப்போம். 2019-இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தில் 7 தொகுதிகள் உள்ளன. 2016-இல் இவற்றுள் 6 தி.மு.க.வுக்கு, 1 அ.தி.மு.க.வுக்கு. 2021-இல் 6 தி.மு.க. அணிக்கு, 1 அ.தி.மு.க.வுக்கு. எண்ணிக்கை மாறவே இல்லை. ஆனால் விலகி நின்ற அந்த ஒரு தொகுதி 2016-இல் திருப்போரூர், 2021-இல் மதுராந்தகம்! மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது.

படத்தில் இன்னொரு மயக்கமும் உண்டு. சென்னையை ஒட்டிய சோழிங்கநல்லூரில் 2021-இல் 6 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள் இருந்தனர். மாநிலத்திலேயே அதிக வாக்காளர்கள் கொண்ட தொகுதி அதுதான். வயல்களும் ஏரிகளும் நிறைந்த மதுராந்தகத்தில் அதில் பாதிப் பேர்கூட இல்லை. ஆனால் படத்தில் பரந்து கிடப்பது மதுராந்தகம். நம் கண் பரப்பைப் பார்க்கிறது. தேர்தலோ மனிதர்களை எண்ணுகிறது. வயலும் ஏரியும் வாக்களிப்பதில்லை அல்லவா?

இந்த மயக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மாநில ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் நாட்டில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். சட்டமன்றத்தில் பெரும்பான்மை உள்ளவர் முதலமைச்சராகி ஆட்சி நடத்துகிறார். அங்கே ஆளுநர் தேர்தலுக்கு மாநிலம் முழுவதுமே ஒரே தொகுதி. 2004-இல் வாஷிங்டன் மாநிலத்தில் கிறிஸ்டின் கிரகுவார், டினோ ரோசி என்னும் இருவர் மோதினர். மாநிலத்தின் 39 மாவட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் முந்தியவர் ரோசி. வண்ணப்படத்தைப் பார்த்தால் அவரே வென்றவர் என்று தோன்றும். ஆனால் சியாட்டில் நகரம் அமைந்த கிங் மாவட்டத்தில் மக்கள் நெருக்கம் மிகுதி. அங்கே கிரகுவாருக்கு வாக்குகள் குவிந்தன.

ஏறத்தாழ 28 லட்சம் வாக்குகளை எண்ணியபோது ரோசி 261 வாக்குகள் முந்தியிருந்தார். இயந்திரத்தில் மீண்டும் எண்ணினார்கள்; முன்னிலை 42 ஆகச் சுருங்கியது. பிறகு கையால் எண்ணினார்கள். கிரகுவார் 129 வாக்குகளில் வென்றார்!

ஏன் இப்படி மாறியது? சில தாள்களில் இருந்த குறிகளை இயந்திரம் படிக்கத் தவறியது. சில தாள்கள் தவறுதலாக ஒதுக்கப்பட்டிருந்தன. உங்கள் ஆய்வுக்கூடத்தில் அளவுகோலால் ஒரு நீளத்தை மூன்று முறை அளந்து பாருங்கள். மூன்று முறையும் மிகத் துல்லியமாக ஒரே அளவு வருவது அரிது. எல்லா அளவீட்டிலும் சிறு பிழைக்கு இடமுண்டு. அந்தப் பிழையைவிட வித்தியாசம் பெரிதாக இருந்தால் கவலையில்லை. சிறிதாக இருந்தால் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். எண்ணுவதும் ஒருவகை அளவீடுதான்.

நம் நாட்டில் மின்னணு இயந்திரம் வந்த பிறகு தாளில் உள்ள குறியைப் படிக்கும் தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. எனினும் அஞ்சல் வாக்குகள் இன்றும் தாளில்தான் வருகின்றன. 2016-இல் திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகளே. ஒதுக்கப்பட்ட அஞ்சல் வாக்குகளைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் 2016 ஒரு நெருக்கமான போட்டிதான். தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் அ.தி.மு.க. 134, தி.மு.க. அணி 98. ஆனால் வாக்குகளில் இருந்த இடைவெளி 100-க்கு ஏறத்தாழ 1 மட்டுமே. இவ்வளவு சிறிய இடைவெளி எப்படி 36 இடங்களாக விரிந்தது? நம் முறையில் ஒவ்வொரு தொகுதியும் தனிப் பந்தயம். 950-இல் வென்றாலும் ஓர் இடம், 50,000-இல் வென்றாலும் ஓர் இடம். எத்தனை வாக்கு என்பதோடு அவை எங்கே விழுந்தன என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. அந்த ஆண்டு கோவை மாவட்டத்தின் 10 இடங்களில் 9-ஐயும், சேலம் மாவட்டத்தின் 11-இல் 10-ஐயும் அ.தி.மு.க. பெற்றது. சென்னையில் 16-இல் 10 தி.மு.க.வுக்கு. ஆகவே வட்டாரப் போக்கு என்பது கற்பனையன்று.

ஆனால் அதிலிருந்து "கோவைக்காரர் எல்லாரும் இப்படி, சென்னைக்காரர் எல்லாரும் அப்படி" என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. 2021-இல் சென்னையின் 16 தொகுதிகளும் ஒரே வண்ணம். அவற்றுள் ஒன்றான தியாகராய நகரில் வித்தியாசம் 137 வாக்குகள். அதே ஆண்டு கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் எதிர் வண்ணம். அவற்றுள் கோவை தெற்கில் வித்தியாசம் 1,728. மும்முனைப் போட்டி நடந்த அத்தொகுதியில் வென்றவருக்கு விழுந்தவை மொத்த வாக்குகளில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியவையே. ஒரு கூட்டத்தின் சராசரி, அக்கூட்டத்திலுள்ள ஒவ்வொருவரின் இயல்பைச் சொல்லாது. புள்ளியியலின் முதற்பாடங்களுள் இது ஒன்று.

நீங்களே ஒரு நல்ல படம் வரைந்து பாருங்கள். கட்டத்தாளில் திருப்போரூருக்கு ஒரு பெரிய சதுரம் போடுங்கள். ஆயிரம் வாக்குக்கு ஒரு புள்ளி என்று கணக்கு. 2016-க்கு 70 சிவப்புப் புள்ளிகள், 69 நீலப் புள்ளிகள். இரண்டையும் கலந்து வையுங்கள். பிறகு பக்கத்தில் இருக்கும் நண்பனிடம் காட்டி, எது அதிகம் என்று கேளுங்கள். எண்ணிப் பார்க்காமல் சொல்ல முடியாமல் திணறுவான்! வென்றவரையும் தோற்றவரையும் பிரித்த அந்த 950 வாக்குகள் இந்தப் படத்தில் ஒரு புள்ளிக்கும் குறைவு.

இதே முறையில் உங்கள் தொகுதிக்கும் படம் வரையுங்கள். வாக்கு விவரங்களைத் தேர்தல் ஆணையம் எல்லாருக்கும் வெளியிடுகிறது. இன்னும் சில ஆண்டுகளில் உங்களுக்கு 18 வயது நிறையும். அந்தக் கணக்கில் நீங்களும் சேர்வீர்கள். "என் ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடும்?" என்று அப்போது யாராவது கேட்டால், தியாகராய நகரின் 137-ஐயும் இராதாபுரத்தின் 49-ஐயும் எடுத்துச் சொல்லுங்கள்.