ஊருக்குச் சேதி சொல்லும் தொழில்!

விழுப்புரம் ஜங்ஷனில் ரெயிலை விட்டு இறங்கி வெளியே வாருங்கள். முதலில் உங்கள் காதில் விழுவது எது தெரியுமா? ஒரு ஆட்டோவின் குரல்!

"அன்பார்ந்த பொதுமக்களே! வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முதல்..."

அதற்குள் ஆட்டோ நகர்ந்துவிடும். மீதிச் சேதி அடுத்த தெருவுக்குப் போய்விடும். கண் சிகிச்சை முகாமா, ஜவுளிக்கடைத் தள்ளுபடியா, கோவில் கும்பாபிஷேகமா என்று தெரியாமல் நீங்கள் நிற்பீர்கள்.

திண்டிவனத்திலும் இதே கதைதான். சென்னை-திருச்சி ரோடு, புதுச்சேரி ரோடு, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் ரோடு எல்லாம் கூடுகிற ஊர் அது. விழுப்புரமோ ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஊர். நாலா திசை ஜனங்களும் வந்து போகும் இடத்தில்தானே சேதி சொல்ல வேண்டும்?

சேதி சொல்வதற்கு என்றே இப்போது கம்பெனிகள் இருக்கின்றன. "மக்கள் தொடர்பு நிறுவனம்" என்று அவற்றுக்குப் பெயர். கலெக்டர் ஆபீசில் "பி.ஆர்.ஓ." என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் சர்க்காருக்குச் செய்கிற வேலையை இந்தக் கம்பெனிகள் மற்றவர்களுக்குச் செய்கின்றன. சினிமாக்காரர்களுக்கும் இது பழக்கமான வேலைதான். 1958-ல் எம்.ஜி.ஆரின் "நாடோடி மன்னன்" வந்தபோது, படத்தைப் பற்றிய சேதிகளைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை பிலிம் நியூஸ் ஆனந்தன் ஏற்றார். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. அவர்தான்.

அதற்கு முன்னால் ஊருக்குச் சேதி சொல்ல ஆள் இல்லையா? ஏன் இல்லை! தண்டோராக்காரர் இருந்தார். பறையைத் தட்டி, தெரு முனையில் நின்று, ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார். அவர் சேதியை ஊர் முழுவதும் கேட்டது. ஆனால் அவரை அந்த ஊர் எந்தத் தெருவில் குடிவைத்திருந்தது என்பதும் நமக்குத் தெரியும். 2022 ஆகஸ்டில், தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துங்கள், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றார். பறை ஓய்ந்தது. ஆட்டோ வந்தது.

ஒரு முகாமுக்கு எத்தனை வேலை!

ஒரு ரத்த தான முகாம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி போட்டு, பேனர் கட்டினால் முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படி அல்ல!

முதலில் தேதி. முகூர்த்த நாளாக இருக்கக்கூடாது. அறுவடை நாளாக இருந்தாலும் ஆள் வராது. பரீட்சைக் காலமானால் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காது. பிறகு இடம், போலீஸ் அனுமதி. ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் வருஷம் வந்த சட்ட விதி.

அடுத்து நோட்டீஸ். காலையில் பேப்பர் போடுகிற பையன்கள் மூலம் துண்டு நோட்டீஸ் வீட்டுக்குள்ளேயே வந்து விழும். அதை எழுதுவதுதான் பெரிய வித்தை. "குருதிக்கொடை விழிப்புணர்வுப் பெருவிழா" என்று அச்சடித்தால் பாதிப்பேர் மடித்து வைத்துவிடுவார்கள். "நீங்கள் கொடுக்கும் ரத்தம் ஒரு பிரசவத்தில் தாயைக் காப்பாற்றும்" என்று போட்டால் படிப்பார்கள்.

சென்னையிலே ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனிக்கு இந்த ஊர் விவரம் எப்படித் தெரியும்? தெரியாது! அதனால் உள்ளூர் ஆளைப் பிடிப்பார்கள். பந்தல்காரர், மைக்செட்காரர், சுவரில் எழுதுகிற பெயிண்டர், உள்ளூர் நிருபர், ரோட்டரி சங்கத்துக்காரர், கல்லூரிப் பேராசிரியர். இவர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டால் போதும், கூட்டம் குறைந்துவிடும். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்பதைவிடப் பெரிய குற்றம் நம் ஊர்களில் கிடையாது.

பணம் யாருடையது?

இதற்கெல்லாம் பணம் யார் கொடுக்கிறார்கள்? சில சமயம் சர்க்கார். சில சமயம் ஆஸ்பத்திரி. சில சமயம் பெரிய கம்பெனிகள். பெரிய லாபம் பார்க்கும் கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாயைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ல் வந்த கம்பெனிச் சட்டம் சொல்கிறது. 2014 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. ஊர் ஏரியைத் தூர்வாரும் விழாவிலும், பள்ளிக்கூடத்துக் கழிப்பறைத் திறப்பு விழாவிலும் கம்பெனிப் பெயரைப் பார்க்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் கொடுப்பவர் யார் என்று கேட்பது நல்ல பழக்கம். அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைக் கேளுங்கள். 1929-ல் நியூயார்க் நகரில் ஈஸ்டர் பண்டிகை ஊர்வலம். அதில் சில இளம்பெண்கள் எல்லோரும் பார்க்கச் சிகரெட் பற்றவைத்தார்கள். "இது சுதந்திர தீபம்" என்று பத்திரிகைகளில் சேதி. பெண் உரிமைக் கிளர்ச்சி என்றே பலர் நம்பினார்கள். ஏற்பாடு செய்தவரோ எட்வர்ட் பெர்னேஸ் என்ற மக்கள் தொடர்பு நிபுணர். அவருக்குப் பணம் கொடுத்தது ஒரு சிகரெட் கம்பெனி! ஊர்த் திருவிழாவுக்குள் புகுந்து, ஊர்க்காரன் குரலிலேயே தன் சரக்கை விற்கலாம் என்று இந்தத் தொழிலுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

நம் பக்கத்தில் விளம்பரத்தின் கேடு வேறு விதம். 2019-ல் சென்னையில், ரோட்டில் கட்டிய கல்யாணப் பேனர் விழுந்ததில் ஸ்கூட்டரில் போன ஒரு இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில், ஒரு கல்யாணத்துக்கு வரும் பிரமுகரை வரவேற்கக் கொடிக்கம்பம் நட்டபோது மின்சாரம் பாய்ந்தது. இறந்தது யார்? பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயதில் இருந்த ஒரு சிறுவன். யாரோ ஒருவர் வருகிறார் என்ற சேதியை ஊருக்குச் சொல்ல, ஒரு வீட்டுப் பிள்ளை போய்விட்டான்.

மரக்காணத்தில் நடந்தது

திண்டிவனத்துக்குக் கிழக்கே கடற்கரையில் மரக்காணம். உப்பளங்களும் மீனவர் குப்பங்களும் நிறைந்த பகுதி. 2023 மே மாதம் அங்குள்ள எக்கியார்குப்பத்தில் சிலர் கள்ளச்சாராயம் குடித்தார்கள். அது சாராயமே அல்ல. மெத்தனால்! தொழிற்சாலைகளில் வர்னிஷ், பெயிண்ட் முதலியவற்றுக்குப் பயன்படும் விஷம். பக்கத்துச் செங்கற்பட்டு ஜில்லாவிலும் அதே விஷம் பாய்ந்தது. இரண்டு ஜில்லாவிலும் சேர்த்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

மெத்தனால் வயிற்றுக்குள் போனதும் உடனே கொல்லாது. உடம்பு அதை மெதுவாக வேறொரு அமிலமாக மாற்றும். எறும்பின் விஷத்தில் இருக்கிறதே, அதே அமிலம். அது கண் நரம்பைத் தாக்கும். பார்வை மங்கும். வயிறு வலிக்கும். மூச்சு வாங்கும். இதற்கெல்லாம் அரை நாளோ ஒரு நாளோ ஆகலாம். அதனால்தான் குடித்தவர் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறார்.

கள்ளச்சாராயத்துக்கு எதிரான பிரசாரம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. ஊர்வலம் நடக்கிறது. கரகாட்டம் நடக்கிறது. மாணவர்கள் கையில் அட்டை பிடித்துக் கோஷம் போடுகிறார்கள். மரக்காணத்துக்குப் பிறகும் நடந்தது. ஆனால் அடுத்த வருஷமே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். 2019 வரை கள்ளக்குறிச்சியும் விழுப்புரம் ஜில்லாவில் இருந்த ஊர்தான்.

இதற்கு விளம்பரக்காரர்களைக் குற்றம் சொல்லலாமா? கூடாது. விஷத்தை விற்றவனும், அதைத் தடுக்க வேண்டியவர்களும்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் எனக்கு ஒரு ஆதங்கம். ஊர்வலம் பெரும்பாலும் காலை பத்து மணிக்குப் புறப்படுகிறது. ஆபீஸ் வாசலில் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் முடிகிறது. அந்த நேரத்தில் கூலிக்காரர் வேலையில் இருப்பார். மீனவர் கடலிலிருந்து திரும்பித் தூங்கிக்கொண்டிருப்பார். ஊர்வலத்தை யார் பார்க்கிறார்கள்? ஊர்வலத்தைப் படம் எடுக்கிறவர்கள்!

"குடி குடியைக் கெடுக்கும்" என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. ஒரு காலத்தில் புட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள். "குடித்த பிறகு கண் மங்கினால் தூங்காதே, போலீசுக்குப் பயந்து வீட்டில் ஒளியாதே, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்பதுதான் உயிர் காக்கும் சேதி. அதை மேடைப் பேச்சாளர் சொல்வதைவிட, குப்பத்துப் பெண்களும் டீக்கடைக்காரரும் சொன்னால் காதில் ஏறும்.

கூத்துக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் கோவில் இல்லாத வட்டாரம் உண்டா? பாரதம் வாசிப்பதும், விடிய விடியக் கூத்து ஆடுவதும் இந்த மண்ணின் வழக்கம். பிரசாரத்துக்கு அவர்களைக் கூப்பிடும்போது முக்கால் மணி நேரம் கொடுக்கிறார்கள். கட்டியங்காரன் வந்து நாலு சிரிப்புச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. இருந்தாலும் ஜனங்கள் நின்று பார்ப்பது அவர்களைத்தான். ஆட்டோ சொல்வதை நின்று கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

கூவாகத்துக்கு வந்த பிரசாரம்

பாரதக் கூத்தில் அரவான் கதை உண்டு. போர் ஜெயிக்கத் தன்னைப் பலி கொடுக்க ஒப்புகிறான். சாவதற்கு முன் ஒரு நாளாவது கல்யாணம் ஆக வேண்டும் என்கிறான். நாளைக்குச் சாகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே பெண் வடிவம் எடுத்து மாலையிடுகிறான்.

அந்த அரவானுக்குத்தான் கூவாகத்தில் கூத்தாண்டவர் என்று பெயர். முன்பு விழுப்புரம் ஜில்லாவில் இருந்த கிராமம், இப்போது கள்ளக்குறிச்சி ஜில்லாவில் இருக்கிறது. சித்திரை மாதம் பதினெட்டு நாள் திருவிழா. பௌர்ணமியை ஒட்டி, நாடெங்கும் இருந்து திருநங்கைகள் ஆயிரக்கணக்கில் வந்து தாலி கட்டிக்கொள்வார்கள். மறுநாள் தேர். அரவான் பலியானதும் தாலி அறுத்து, வெள்ளைச் சேலை உடுத்தி அழுவார்கள். அவர்கள் தங்குவது பெரும்பாலும் விழுப்புரத்து லாட்ஜுகளில்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் நடத்திய சோதனையில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 1994-ல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பிறந்தது. ஆரம்ப காலத்துச் சுவர்களில் மண்டை ஓடும் எலும்பும்தான். பயம் பரவியது. நோயாளியைத் தொட அஞ்சினார்கள். 2003-ல் "புள்ளி ராஜா" என்ற கற்பனை ஆளின் பெயரைப் போட்டு, அவனுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்டுத் தமிழகமெங்கும் போர்டுகள் முளைத்தன. யார் இந்தப் புள்ளி ராஜா? டீக்கடையில் அதே பேச்சு! சிரித்தார்கள், திட்டினார்கள். ஆனால் பேசினார்கள்.

கூவாகத்துக்கும் பிரசாரம் வந்தது. பரிசோதனைக் கூடாரம், ஆலோசனை, ஆணுறை வினியோகம் எல்லாம் வந்தன. வரவேண்டியவைதான். ஆனால் அதில் ஒரு ஆபத்தும் இருந்தது. "திருநங்கை என்றாலே அந்த நோய்" என்று பார்க்கிறவர் மனதில் பதிந்துவிடும் அல்லவா? சாமி கும்பிட வந்தவர்கள் நெற்றியில் நோயின் பெயரை ஒட்டி அனுப்பினால் அது என்ன சேவை?

இந்த இடத்தில்தான் விழுப்புரம் ஒரு காரியம் செய்தது. திருவிழாவுக்கு முன்னதாக ஊரில் "மிஸ் கூவாகம்" அழகிப் போட்டி நடக்கும். நடத்துவது திருநங்கைகளின் சங்கங்கள். துணை நிற்பவை எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும். பட்டுச் சேலை, நடை, நடனம். கடைசிச் சுற்றில் கேள்விகள். நோய் எப்படிப் பரவும், சட்டம் என்ன சொல்கிறது என்றெல்லாம் மேடையிலேயே கேட்பார்கள். பதில் சொல்வது திருநங்கைகள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஊர். அதுவரை சேதி கேட்க வேண்டியவர்களாக இருந்தவர்கள், அன்று சேதி சொல்கிறவர்கள் ஆனார்கள்!

2001-ல் தமிழ்நாட்டில் கர்ப்பிணிப் பெண்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமாக எச்.ஐ.வி. கிருமி காணப்பட்டது. பத்து வருஷத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. மருந்து, டாக்டர்கள், நர்சுகள், பிரசாரம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. 2008 ஏப்ரலில் தமிழக சர்க்கார் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. நாட்டிலேயே முதலாவது அது. 2014 ஏப்ரலில் அவர்களை மூன்றாம் பாலினமாக சுப்ரீம் கோர்ட்டு அங்கீகரித்தது.

தாலி அறுத்த மறுநாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். லாட்ஜுகள் காலியாகியிருக்கும். மேடைப் பலகைகளைப் பந்தல்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு திருநங்கை உட்கார்ந்திருப்பார். பக்கத்து சீட்டு மட்டும் வெகு நேரம் காலியாகவே இருக்கும். மேடையில் கைதட்டிய ஊர்தான்!

ஒரு தடவை திண்டிவனம் பஸ்ஸில் நான் பார்த்தேன். ஒரு கிழவி ஏறினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். நேராகப் போய் அந்த சீட்டில் உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த துண்டு நோட்டீசை எடுத்து நீட்டினாள்.

"இதுல என்னம்மா போட்டிருக்கு? கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

வெள்ளைச் சேலைக்காரி வாங்கிப் படித்தாள். "கண் ஆஸ்பத்திரி முகாம், பாட்டி. ஞாயித்துக்கிழமை, காலையில ஒன்பது மணிக்கு."

"பணம் கேப்பாங்களா?"

"இலவசம்னுதான் போட்டிருக்கு. ரேஷன் கார்டு மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க."