நித்தியகல்யாணி தந்த மருந்து

கோயில் நந்தவனங்களிலும் வீட்டு முற்றங்களிலும் ஆண்டு முழுவதும் பூத்து நிற்பது நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் இதனை அழைப்பர். மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, வறண்ட மண்ணிலும் வளரும். ஆடு மாடுகள் இதனை மேய்வதில்லை. புற்றுநோயைக் குணப்படுத்த உதவும் இரண்டு முக்கிய மருந்துகள் இதன் இலையிலிருந்து கிடைத்தவை என்பதைப் பலர் அறியார்.

1952-ஆம் ஆண்டு ஜமைக்காவிலிருந்து சில உலர்ந்த இலைகள் கனடாவுக்கு வந்து சேர்ந்தன. அங்குள்ள மக்கள் நீரிழிவுக்கு இவ்விலைகளைக் கொதிக்கவைத்துக் குடித்து வந்தனர். மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் நோபிள் இச்சாற்றை எலிகளுக்குச் செலுத்திச் சோதித்தார். இரத்தச் சர்க்கரை குறையவில்லை. மாறாக, வெள்ளையணுக்கள் பெரிதும் குறைந்து எலிகள் தொற்றுநோயால் மடிந்தன. வெள்ளையணுக்களைக் குறைக்கும் பொருள், அவை கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. நோபிளுடன் பணியாற்றிய வேதியியலாளர் சார்லஸ் பீர் 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். அதன் பின் வின்கிரிஸ்டின் கண்டறியப்பட்டு, 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இம்மருந்துகள் செயல்படும் விதம் வியப்புக்குரியது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதன் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்ணிய இழைகள் உருவாகின்றன. டியூபுலின் என்னும் புரதமே அவற்றின் செங்கல். வின்கிரிஸ்டின் அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு இழைகள் உருவாவதைத் தடுக்கிறது. பிரிதலும் பாதியில் நின்றுவிடுகிறது. அந்நிலையில் நெடுநேரம் நிற்கும் உயிரணு, தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தொடங்குகிறது.

இவ்வாறு தானே மடியும் முறை ஒவ்வோர் உயிரணுவிலும் இயல்பாகவே அமைந்துள்ளது. பழுதுற்ற அணு சுருங்கிச் சிறு துண்டுகளாகிறது. அத்துண்டுகளை அருகிலுள்ள அணுக்கள் விழுங்கிவிடுகின்றன. 1972-இல் அறிஞர் மூவர் இதற்கு ‘அப்போப்டோசிஸ்’ எனப் பெயரிட்டனர். மரத்திலிருந்து இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. உதிர வேண்டிய காலத்தில் உதிர மறுப்பதே புற்றணுவின் குற்றம். அதனை உதிரச் செய்வதே மருந்தின் பணி.

1960-களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தால் பிழைப்பவர் மிகச் சிலரே. வின்கிரிஸ்டினைப் பிற மருந்துகளுடன் சேர்த்தளிக்கும் சிகிச்சையால், வளர்ந்த நாடுகளில் அந்நோயின் முக்கிய வகையால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் வரை இன்று குணமடைகின்றனர். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை தேவைப்படும். தமிழகத்தின் தென்மாவட்டங்களிலும் இதற்காக இச்செடி பயிரிடப்படுகிறது.

ஆயினும், முற்றத்துச் செடியின் இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடிப்பது பேராபத்து. செடி முழுவதுமே நஞ்சுடையது. தூய்மையாக்கப்பட்ட மருந்தே நரம்புகளைத் தாக்கிக் கைகால்களில் மரமரப்பை உண்டாக்கவல்லது. ஆகவே எடைக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப மில்லிகிராம் கணக்கில் அளந்து, சிரை வழியாக மட்டுமே அதனைச் செலுத்துகின்றனர்.

மஞ்சளிலுள்ள குர்குமினும் ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குடுவையில் புற்றணுக்களை மடியச் செய்கிறது. உண்ணும்போதோ அது மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்கிறது. குடுவையில் கண்ட வெற்றி உடலிலும் கிட்டும் என்று கொள்வதற்கில்லை. சமையலில் சேர்க்கும் மஞ்சளால் கேடில்லை. ஆனால் அதனை நம்பி மருத்துவமனைச் சிகிச்சையை நிறுத்துவது உயிருக்கே கேடு. மூலிகை எதனையும் உட்கொள்ளுமுன் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் சொல்லிவிடுவதே நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் நன்மை பயக்கும்.