மண்ணில் எடுத்தது மண்ணுக்குத் திரும்பட்டும்

கல்வராயன் மலைக்காட்டுக்கு யாரும் உரம் போடுவதில்லை. இருந்தும் அது தழைத்து நிற்கிறது. உதிர்ந்த இலையைக் கரையானும் மண்புழுவும் பூஞ்சையும் நுண்ணுயிரிகளும் மட்கவைக்கின்றன. அதிலிருந்து வெளிப்படும் சத்தை வேர்கள் மறுபடி உறிஞ்சிக்கொள்கின்றன. இதுதான் சத்துச் சுழற்சி. மலைக்குக் கீழே, களமருதூர் போன்ற சமவெளி ஊர்களில் கதை வேறு. அறுவடையான ஒவ்வொரு பயிரோடும் தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வயலைவிட்டு வெளியேறுகின்றன.

சுழற்சி அறுந்தால் என்ன ஆகும்? சூழலியல் அறிஞர் பி.எஸ். இராமகிருஷ்ணன் தம் மாணவர்களோடு மேகாலயாவில் இதை அளந்து பார்த்தார். அங்கே மலைமக்கள் காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்வார்கள். பிறகு நிலத்தைப் பல ஆண்டுகள் ஓய்வாக விடுவார்கள். ஜூம் வேளாண்மை என்பது இதுதான். 30, 10, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிக்கப்படும் நிலங்களை அவர்கள் ஒப்பிட்டார்கள்.

தீ வைத்ததும் செடிகொடிகளில் இருந்த தழைச்சத்தில் பெரும்பங்கு புகையோடு போய்விடுகிறது. சாம்பலில் தங்கும் சத்து முதல் விளைச்சலுக்கு உதவும். ஆனால் மழை பெய்தால் அதிலும் ஒரு பகுதி சரிவில் அடித்துச் செல்லப்படுகிறது, இன்னொரு பகுதி கரைந்து வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்குகிறது. பத்தாண்டுகளாவது ஓய்வு கிடைத்தால் மண் தேறுகிறது. ஐந்தாண்டில் மறுபடி எரித்தால் இழப்பு கூடி மண் மெலிகிறது.

ஓய்வு நிலத்தில் வளரும் மூங்கில் சாம்பல்சத்தைத் தன்னுள் சேர்த்து வைப்பதையும் அந்த ஆய்வுகள் காட்டின. உழவர்கள் களையை முற்றாக ஒழிப்பதில்லை; கொஞ்சம் விட்டுவைத்து, பறித்ததையும் வயலிலேயே போடுகிறார்கள். அதனால் மண்ணும் சத்தும் அரித்துப் போவது குறைகிறது. காட்டை அழிப்பவர்கள் என்று பழிக்கப்பட்ட மக்களின் பட்டறிவுக்கு அறிவியல் தந்த மரியாதை இது.

நம் சமவெளிக் கரும்பு வயல்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். வெட்டு முடிந்ததும் சோகைக்குத் தீ வைத்தால், அதிலுள்ள தழைச்சத்தும் மண்ணுக்கு மட்காகியிருக்க வேண்டிய கரிமப் பொருளும் காற்றில் போகின்றன. போனதை மூட்டை மூட்டையாக யூரியா வாங்கி ஈடுகட்டப் பார்க்கிறோம். யூரியா தழைச்சத்தைத் தரும், மட்கைத் தராது. சோகையைப் பார்களுக்கு இடையில் பரப்புங்கள். ஈரம் காக்கும், களையை அடக்கும், மட்கி உரமாகும். கரும்பு மாற்றும் பருவத்தில் உளுந்து விதையுங்கள்; அதன் வேர்முடிச்சு காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தரும். தக்கைப்பூண்டையோ சணப்பையையோ பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள்.

அடுத்த வெட்டுக்குப் பிறகு சோகைக்குத் தீ வைக்காதீர்கள். அது குப்பையல்ல, உங்கள் மண்ணின் சொத்து.