ஆட்டம் நின்றபோது ஆட்டப் பேச்சு

ஆட்டம் நின்றால், ஆட்டத்தைப் பேசி வாழ்வோர் எதனைப் பேசுவர்? 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 29-இல் தொடங்கவிருந்த ஐ.பி.எல். கிரிக்கெட்டு, கொரோனா நோயால் தள்ளிவைக்கப்பட்டது. சேப்பாக்கமேயன்றி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் திடல்களும் வெறிச்சோடின. அப்பொழுது ஒலிபரப்புவோரும் ஒளிபரப்புவோரும் பழமையை நாடினர். ஏப்பிரலில் தூர்தர்சன், 2001-ஆம் ஆண்டுக் கல்கத்தா டெஸ்ட் முதலிய பழைய போட்டிகளை மீண்டும் காட்டிற்று. தோல்வியின் விளிம்பில் நின்ற இந்தியா, லட்சுமண் எடுத்த 281 ஓட்டங்களால் மீண்டு வென்ற ஆட்டம் அது. சென்னை வீரர் அசுவின், யூடியூபில் பிற ஆட்டக்காரரோடு உரையாடினார்.

முடிவு தெரிந்த ஆட்டத்திற் சுவையுண்டோ எனின், இராமகாதை கேட்போர் அதன் முடிவை அறியாதவரோ? வெற்றியையே தேடிய மனம் அன்று திறத்தைத் தேடிற்று. செப்டம்பர் 19-இல் அபுதாபியில், பார்வையாளரின்றி, ஆட்டம் மீண்டது. அதுகாறும் விளையாட்டின்பால் அன்பு அவியாது காத்தது அப்பேச்சே எனலாம்.