பகலொளி பல்பும் ஒளி சிகிச்சை விளக்கும்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

நோயிலிருந்து தேறிவரும் முதியவரின் அறைக்கோ, நெடுநாளாக மனச்சோர்வில் வாடும் ஒருவரின் அறைக்கோ எந்த விளக்கு நல்லது என்று குடும்பத்தார் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கிறார்கள். சிலர் ‘டேலைட்’ என்று அச்சிட்ட பல்பை ஏற்கெனவே வாங்கி மாட்டியிருப்பார்கள். சிலர் இணையத்தில் விற்பனைக்கு வந்துள்ள ஒளி சிகிச்சை விளக்கின் படத்தைக் கைபேசியில் காட்டுவார்கள். இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னது பார்ப்பதற்கான விளக்கு. பின்னது ஏறத்தாழ ஒரு மருந்து. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் வீண்செலவும் குறையும், சில வேளைகளில் ஆபத்தும் விலகும்.

ஒளியும் உடற்கடிகாரமும்

நம் விழித்திரையில், காட்சியை உணரும் அணுக்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை நேரே உணர்ந்து மூளைக்குத் தெரிவிக்கும் சிறப்பு நரம்பணுக்களும் உள்ளன. இவை 2002ஆம் ஆண்டில் ஆய்வாளர்களால் உறுதிசெய்யப்பட்டன. நீல நிறம் கலந்த ஒளிக்கு, குறிப்பாக 480 நானோமீட்டர் அளவிலான அலைநீளத்துக்கு, இவை மிகுதியாக எதிர்வினை காட்டுகின்றன. மூளையில் உள்ள உடற்கடிகாரம் இந்தச் செய்தியைக் கொண்டே பகலையும் இரவையும் பிரித்தறிகிறது. காலையில் கிடைக்கும் வலுவான ஒளி விழிப்பைத் தூண்டி, இரவுத் தூக்கத்தையும் உரிய நேரத்தில் வரச்செய்யும். அதே ஒளி இரவில் கிடைத்தால், தூக்கத்துக்குத் துணைபுரியும் மெலடோனின் சுரப்பு தடைபடும்.

நாள் முழுவதும் மங்கிய அறையில் படுத்திருக்கும் நோயாளி பகலில் உறங்கி, இரவில் விழித்துத் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். வயது கூடக்கூடக் கண்ணின் வில்லை மஞ்சளாகிக் கருவிழிப்பாவையும் சுருங்குவதால், 60 வயதானவரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதினரோடு ஒப்பிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நமக்குப் போதுமான வெளிச்சம் பாட்டிக்குப் போதாமல் போவது இதனால்தான்.

‘டேலைட்’ என்பது நிறத்தின் பெயர்

பல்புப் பெட்டியில் மூன்று எண்களைப் பாருங்கள். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும். 2,700 முதல் 3,000 வரை என்றால் மஞ்சள் சாயல். 4,000 என்றால் இடைப்பட்ட வெண்மை. 6,500 என்றால் நீலச்சாயல் கொண்ட வெண்மை. கடைகளில் ‘டேலைட்’ என விற்கப்படுவது இந்தக் கடைசி வகை. லுமென் என்பது பல்பு வெளியிடும் ஒளியின் மொத்த அளவு. சி.ஆர்.ஐ. என்பது பொருள்களின் நிறத்தை அந்த ஒளி எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் குறியீடு.

இடத்தை எட்டும் ஒளியை லக்ஸ் என்ற அலகால் அளப்பர். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லுமென் தரும். 10 அடிக்கு 12 அடி அறையின் பரப்பு ஏறத்தாழ 11 சதுர மீட்டர். ஒளி முழுவதும் வீணாகாமல் தரையில் விழுந்தாலும் அது 80 லக்ஸ்தான். ஒளி சிகிச்சைக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் அளவோ 10,000 லக்ஸ். அதை அந்த அறை முழுவதும் பெற நூற்றுக்கும் மேற்பட்ட பல்புகள் வேண்டும். எனவே, பெட்டியில் பகல் என்று எழுதியிருப்பதாலேயே அது பகலின் வேலையைச் செய்துவிடாது.

மாறாக, திறந்த வெளியில் நண்பகல் வெயில் 1,00,000 லக்ஸ் வரை இருக்கும். மேகம் மூடிய பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். காலையில் அரை மணி நேரம் மொட்டை மாடியிலோ வாசலிலோ நிழலில் அமர்ந்திருப்பது எந்தப் பல்பையும்விட மேலானது. எழுந்து நடமாட இயலாதவரின் கட்டிலைச் சன்னலோரம் மாற்றி, காலையில் திரைச்சீலையை விலக்கிவிடுங்கள்.

அறைக்கேற்ற விளக்கு

பகலில் நோயாளி புழங்கும் இடத்துக்கும், மருந்து எடுத்துத் தரும் மேசைக்கும் 4,000 முதல் 6,500 கெல்வின் பல்பு ஏற்றது. சி.ஆர்.ஐ. 80க்குக் குறையாமல் இருக்கட்டும். புண்ணுக்குக் கட்டுப்போடவும், இன்சுலின் ஊசியின் கோடுகளைப் படிக்கவும், கண்ணிலும் தோலிலும் மஞ்சள் படர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் 90 இருந்தால் நல்லது. மலிவான சில பல்புகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது தொல்லை தரலாம். கைபேசிக் கேமராவில் பார்க்கும்போது கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்தப் பல்பைத் தவிருங்கள்.

மாலை மயங்கியபின் படுக்கையறையில் 2,700 கெல்வின் மஞ்சள் விளக்கே போதும். ஆயினும் முழு இருட்டு முதியவர்களுக்கு ஆபத்து. கட்டிலிலிருந்து கழிப்பறைவரை, தரையை ஒட்டினாற்போல் மங்கிய மஞ்சள் இரவு விளக்குகளைப் பொருத்துங்கள். தூக்கமும் கெடாது, தடுக்கி விழுவதும் குறையும்.

ஒளி சிகிச்சை விளக்கு யாருக்கு?

அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ரோசந்தாலும் அவர்தம் குழுவினரும் 1984இல் பருவகால மனச்சோர்வை விவரித்து, அதற்கு ஒளி சிகிச்சையைப் பரிந்துரைத்தனர். லண்டனில் டிசம்பர் மாதப் பகற்பொழுது 8 மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்கும். சென்னையில் அது 11 மணி நேரத்துக்குக் குறைவதில்லை. ஆகவே அங்கு வாழும் பிள்ளைகளுக்குப் பயன்பட்ட விளக்கு, இங்குள்ள பெற்றோருக்கும் தேவைப்படும் என்று கொள்ள வேண்டியதில்லை. எனினும் பிற மனச்சோர்வுகளில் மருந்துக்குத் துணையாகவும், சிலவகைத் தூக்கக் கோளாறுகளிலும் மருத்துவர் இதனைப் பரிந்துரைப்பதுண்டு.

பரிந்துரைத்தால், எவ்வளவு தொலைவில் 10,000 லக்ஸ் கிடைக்கும் என்பதைக் கேட்டு வாங்குங்கள். முகத்துக்கு 15 சென்டிமீட்டர் அருகில்தான் அந்த அளவு கிடைக்குமெனில் அதனால் பயனில்லை; 30 சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்க வேண்டும். புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டிருக்க வேண்டும். விழித்தெழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடங்கள் அதன்முன் அமர்ந்து செய்தித்தாள் படிக்கலாம், காப்பி அருந்தலாம். விளக்கையே உற்று நோக்கக் கூடாது. மாலையில் பயன்படுத்தினால் தூக்கம் கெடும்.

இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு இந்த ஒளி கட்டுக்கடங்காத எழுச்சி நிலையைத் தூண்டக்கூடும். விழித்திரை நோய், லூபஸ் ஆகியவை உள்ளவர்களும், அமியோடரோன், குளோர்புரோமசின் போன்று ஒளிக்கூச்சம் தரும் மருந்துகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் இவ்விளக்கை வாங்கலாகாது.

வீட்டு விளக்கால் ஆகாதவை

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை தென்பட்டால், டியூப்லைட்டின் கீழோ வெயிலிலோ கிடத்திக் காத்திருக்காதீர்கள். மருத்துவமனையில் தரப்படும் சிகிச்சை குறிப்பிட்ட அலைநீளமும் வலிமையும் கொண்ட நீல ஒளி. வீட்டு விளக்கு அதற்கு ஈடாகாது. இரத்தத்தில் பிலிருபின் மிகுந்தால் குழந்தையின் மூளை நிலையாகப் பாதிக்கப்படலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுவாருங்கள்.

வைட்டமின் டி குறைபாட்டுக்கும் இவ்விளக்குகள் உதவா. அதற்குத் தேவையான புற ஊதாக் கதிர் இவற்றில் இல்லை; சன்னல் கண்ணாடியும் அதனைத் தடுத்துவிடும். வெண்புள்ளி, சொரியாசிஸ் ஆகியவற்றுக்கான புற ஊதா விளக்குகள் முற்றிலும் வேறானவை. அவற்றை மருத்துவர் மேற்பார்வையின்றிப் பயன்படுத்தினால் கண்ணும் தோலும் புண்படும்.

மனச்சோர்வோடு, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணமும் தோன்றினால் விளக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். அல்லது எந்நேரமும் இயங்கும் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ அழையுங்கள்.

மற்றவர்கள் நாளைக் காலையிலேயே சன்னலைத் திறந்து தொடங்கலாம். இரண்டு வாரம் காலை வெளிச்சமும், மாலையில் மங்கிய ஒளியும் தந்து பாருங்கள். தூங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்து, அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். விளக்கு தேவையா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.