கடலுக்கு ரெண்டே கிலோமீட்டர்... நடுவுல எத்தனை தடை?

கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்துல இருந்து கிழக்குப் பக்கம் நேரா ஒரு கோடு போட்டீங்கன்னா, ரெண்டு கிலோமீட்டர் சொச்சத்துல கடல் வந்துடும். ஆனா சாயங்காலம் 'பீச்சுக்குப் போலாமா'னு கேட்டா, இந்த ஏரியாப் பசங்க வண்டியைத் திருப்புறது மெரினா பக்கம்தான். கூப்பிடு தூரத்துல இருக்கிற கடலை விட்டுட்டு ஏன் அவ்ளோ தூரம்?

யாரும் சுவர் எழுப்பி வழியை அடைக்கலை. அடைச்சிருந்தாக்கூட சண்டை போட ஒரு ஆள் கிடைச்சிருப்பான். வடசென்னையில பொதுவழி காணாமப்போறது வேற மாதிரி. ஒரு இடத்துல ரயில்வே கேட், அடுத்த இடத்துல லாரி வரிசை, அதுக்கு அப்பால கருங்கல். எல்லாத்துக்கும் மேல, கண்ணுக்கே தெரியாத ஒண்ணு இருக்கு. மேப்.

கேட்டும் லாரியும்

சென்ட்ரல் - கும்மிடிப்பூண்டி லைன் கொருக்குப்பேட்டை வழியாத்தான் ஓடுது. ஆந்திரா பக்கம் போற எக்ஸ்பிரஸ்கள், புறநகர் ரயில்கள், பக்கத்துல இருக்கிற தண்டையார்பேட்டை யார்டுக்கும் துறைமுகத்துக்கும் போற சரக்கு ரயில்கள்னு எல்லாத்துக்கும் இதான் பாதை. அதனால கேட் ஒருமுறை விழுந்தா, ஒரு வண்டி போனதும் எழுந்துடும்னு சொல்ல முடியாது. அடுத்தது வரும், அதுக்கு அடுத்தது வரும். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போற ஆம்புலன்ஸா இருந்தாலும் நின்னுதான் ஆகணும். பொறுமை போய் குனிஞ்சு தண்டவாளத்தைத் தாண்டினா, ரயில்வே சட்டம் 147-வது பிரிவுப்படி அது அத்துமீறல். ஆறு மாசம் வரை சிறை, இல்லைன்னா 1,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

பல வருஷம் கேட்டதுக்கு அப்புறம் மணலி சாலை கேட்டுக்கு மேம்பாலம்ங்கிற வேலையை மாநகராட்சி கையில எடுத்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா ஒண்ணு. மேம்பாலம் திறந்ததும் கீழே இருக்கிற கேட்டை நிரந்தரமா மூடுறதுதான் ரயில்வேயோட வழக்கம். பைக்ல போறவருக்கு ரெண்டு நிமிஷ வேலை. தலையில கூடையோட வர்ற மீன்கார அம்மாவுக்கும், ஸ்கூல் பை சுமக்கிற குழந்தைக்கும்? பாலத்தோட ஒரு முனையில ஏறி மறுமுனை வரைக்கும் நடந்துதான் இறங்கணும். நேத்து வரை இருபது அடியில தாண்டின இடம் அது. நடக்கிறவங்களுக்குப் படிக்கட்டோ சுரங்கப்பாதையோ டிசைன்லயே இருக்கான்னு முன்கூட்டியே கேட்கலைன்னா, மேம்பாலமே ஒரு பாதையை மூடிடும். கால்ல நடக்கிறவங்களுக்கு மட்டும்.

கேட்டைத் தாண்டிக் கிழக்கே வந்தா, கடலுக்கு முன்னாடி நிக்கிறது எண்ணூர் விரைவு சாலை. துறைமுகத்தோட ஜீரோ கேட்டுக்காகக் காத்திருக்கிற கன்டெய்னர் லாரிகள் எப்படி வரிசை கட்டி நிக்கும்னு காசிமேட்டுல இருந்து திருவொற்றியூர் வரை யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ரோடு திறந்துதான் இருக்கு. ஆனா ரெண்டு டிரெய்லருக்கு நடுவுல புகுந்து போற தைரியம் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் திறந்திருக்கு. பொதுவழியில இடைஞ்சல் பண்றது பாரதிய நியாய சன்ஹிதா 285-வது பிரிவுல குற்றம், 5,000 ரூபாய் வரை அபராதம். இதுல டிரைவரை மட்டும் பிடிச்சா என்ன ஆகும்? உள்ளே கூப்பிடுற வரை அவருக்கு நிக்க வேற இடம் கிடையாது.

அப்புறம் கல்

ரோட்டையும் தாண்டிட்டீங்க. இப்போ மணல் இருக்கணுமே? நிறைய இடத்துல கருங்கல் தடுப்புதான் இருக்கு. இதுக்குக் காரணம் 150 வருஷப் பழசு.

சென்னைக் கரையோரமா கடல், வருஷக் கணக்குல பார்த்தா, மணலைத் தெற்கே இருந்து வடக்கே தள்ளிக்கிட்டே இருக்கும். 1875-ல துறைமுக வேலை ஆரம்பிச்சு, கடலுக்குள்ள சுவர் நீண்டதும் அந்த மணல் ஓட்டம் தடைப்பட்டுச்சு. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்துக்கிட்டே போச்சு. அதான் நாம செல்ஃபி எடுக்கிற அகலமான மெரினா. வடக்கே வரவேண்டிய மணல் வரலை. ராயபுரம் தொடங்கிக் கரையைக் கடல் அரிச்சுக்கிட்டே போச்சு. வீடுகளையும் ரோட்டையும் காப்பாத்தக் கல் கொட்டினாங்க, தூண்டில் வளைவுகள் போட்டாங்க. சில வளைவுகளுக்கு இடையில மணல் திரும்பச் சேர்ந்திருக்கு. மத்த இடத்துல கல்லு மேல ஏறி நின்னு கடலைப் பார்த்துட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒரே நகரத்துல, ஒரே துறைமுகம் தெற்கே ஒரு பீச்சை வளர்த்து வடக்கே ஒண்ணை விழுங்கியிருக்கு.

சரி, சட்டப்படி இதெல்லாம் யாரோடது?

தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905. அதோட இரண்டாவது பிரிவு சொல்ற பட்டியலைப் பாருங்க: பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை, பாலம், அலை ஏறும் மட்டத்துக்குக் கீழே இருக்கிற கடல், துறைமுகம், கழிமுகம், ஆறு, ஏரி, காயல், கால்வாய். தனியாருக்கு உரிமை இருக்கிறதா நிரூபணம் ஆகாத வரைக்கும் இதெல்லாம் அரசு சொத்து. இந்த வகை நிலத்துக்குப் பழைய பேரு புறம்போக்கு. வரி போடுற கணக்குக்குப் புறத்தே இருக்கிற நிலம், அதாவது ஊருக்குப் பொதுவானது. இப்போ அதைத் திட்டுற வார்த்தையா மாத்தி வெச்சிருக்கோம். டி.எம்.கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதி, 2017-ல வந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' இந்த அர்த்தத்தைத்தான் திரும்ப ஞாபகப்படுத்துச்சு.

'அரசு சொத்து'ன்னா அரசு இஷ்டத்துக்கு யாருக்கு வேணும்னாலும் தூக்கிக் கொடுக்கலாமா? முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர்ல சொல்லிடுச்சு. இமாச்சலத்துல பியாஸ் ஆற்றங்கரையை ஒரு சொகுசு ஹோட்டலுக்காக வளைச்ச வழக்கு அது. கடற்கரை, ஓடும் தண்ணி, காடு மாதிரியானவற்றுக்கு அரசு முதலாளி இல்லை, மக்கள் சார்பா காவல் காக்கிற அறங்காவலர் மட்டும்தான்னு தீர்ப்பு.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில இன்னொரு சுவாரஸ்யமான விதி உண்டு. ரெண்டு பீச் ரிசார்ட்டுக்கு நடுவுல குறைஞ்சது 20 மீட்டர் அகலத்துக்கு மக்கள் போக வழி விடணும். ஈ.சி.ஆர் பக்கம் போறவங்க இதை மனசுல வெச்சுக்கோங்க. நம்ம பக்கம் ரிசார்ட் எங்கே இருக்கு!

வழி அடைபட்டா என்ன பண்றது? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-வது பிரிவு இருக்கு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல இது 133. பொதுமக்கள் பயன்படுத்துற பாதையோ ஆறோ கால்வாயோ தடைபட்டா, வருவாய்க் கோட்டாட்சியர் மாதிரியான நிர்வாக நடுவர் அதை அகற்றச் சொல்லி உத்தரவு போடலாம். எதிர்த் தரப்பு வந்து 'இது பொதுவழியே இல்லை'னு சொல்லி, அதுக்கு நம்பத்தகுந்த ஆதாரமும் காட்டினா, விஷயம் சிவில் கோர்ட்டுக்குப் போயிடும். அப்புறம் வருஷக் கணக்குதான். அதனால பாதை மேல இருக்கிற உரிமையைவிட, அந்த உரிமை எந்தக் காகிதத்துல எழுதியிருக்குங்கிறதுதான் கடைசியில ஜெயிக்குது.

மேப்ல இருந்து மறைஞ்ச ஆறு

எண்ணூரைப் பாருங்க. 1996-ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர மேப்ல, எண்ணூர் கழிமுகம் அலை வந்து போற நீர்நிலைன்னு குறிச்சிருந்தது. பிறகு அதிகாரிகள் கையில இருந்த இன்னொரு மேப்ல கழிமுகத்தோட ஒரு பெரிய பகுதி காணோம். தகவல் உரிமைச் சட்டம் மூலமா வாங்கின ஆவணங்களை வெச்சு இதை 2017-ல செயல்பாட்டாளர்கள் அம்பலப்படுத்தினாங்க. அந்த வருஷம் அக்டோபர்ல கமல்ஹாசன் எண்ணூர் போய்ப் பார்த்ததும் இது பெரிய செய்தி ஆச்சு. மேப்ல ஆறு இல்லைன்னா, அதுல மண் கொட்டுறது 'ஆக்கிரமிப்பு' ஆகாது. மீனவருக்கு அந்தத் தண்ணிதான் ரோடு. ரோட்டையே அழிச்சாச்சு, ஒரு பென்சில் கோட்டை அழிக்கிற மாதிரி. 2023-ல புது கடலோர மேலாண்மை வரைபடங்களோட வரைவு வந்தப்போவும், வலை காயவைக்கிற இடம், படகு நிறுத்துற இடம், மீன்பிடி இடமெல்லாம் அதுல சரியா இல்லைன்னுதான் மீனவர்கள் சண்டை போட்டாங்க.

இதுக்கு நேர் எதிரான கூத்து கொருக்குப்பேட்டை பக்கத்துலயே ஓடுது. பக்கிங்காம் கால்வாய். 1806-ல எண்ணூர் வரைக்கும் வெட்டினப்போ அதுக்குப் பேரு காக்ரேன் கால்வாய். விறகும் உப்பும் படகுல வந்து பேசின் பிரிட்ஜ்ல இறங்கின காலம் உண்டு. அசல் நெடுஞ்சாலை அது. இன்னிக்கு மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் தாண்டுறோம். ஆனா காகிதத்துல? 2008-ல அறிவிச்ச தேசிய நீர்வழி எண் 4-ல இந்தக் கால்வாயும் சேர்ந்திருக்கு. ஓடுற ஆறு மேப்ல இல்லை, படகு ஓடாத கால்வாய் தேசிய நீர்வழி!

'பொதுமக்கள்'னா யாரு?

கலிஃபோர்னியாவுல மார்ட்டின்ஸ் பீச்னு ஒரு இடம். பக்கத்து நிலத்தை 2008-ல வாங்கின இந்திய வம்சாவளிக் கோடீஸ்வரர் வினோத் கோஸ்லா, பீச்சுக்குப் போற ஒரே ரோட்டோட கேட்டைப் பூட்டினார். அலைச்சறுக்கு விளையாடுறவங்க கேஸ் போட்டாங்க. கடைசியில அவரோட மேல்முறையீட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர்ல எடுத்துக்க மறுத்துடுச்சு. அங்கே யார் பக்கம் நிக்கணும்னு முடிவு பண்றது ஈஸி.

நம்ம ஊர்ல அவ்ளோ ஈஸி இல்லை. 2023 ஏப்ரல்ல மெரினா லூப் சாலையில மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சலா இருக்குன்னு சென்னை உயர் நீதிமன்றம் தானாவே வழக்கு எடுத்துச்சு. மறுநாளே மாநகராட்சி கடைகளை அகற்ற இறங்கிடுச்சு. நொச்சிக்குப்பம் மக்கள் படகையும் வலையையும் ரோட்டுல போட்டு உட்கார்ந்தாங்க. காரை ஓட்டிட்டுப் போறவருக்கு அது ரோடு. குப்பத்துக்காரங்களுக்கு, வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல வந்து விழுந்த ரோடு. அவங்க அங்கே வலை காயவெச்சது ரோடு வர்றதுக்கு முன்னாடி. வழியை அடைச்சது யாரு? 2024 ஆகஸ்ட்ல 366 கடைகளோட மீன் அங்காடி திறந்தாங்க. ரோடு கொஞ்சம் காலியாச்சு, கேள்வி அப்படியேதான் இருக்கு.

'பாதையைத் திற'ங்கிற கோஷத்தைக் கேட்கும்போது எனக்கு இந்த விஷயம்தான் உறுத்தும். நடைபாதையைப் பயன்படுத்துறது அரசியல் சட்டம் 21-வது பிரிவு தர்ற உரிமைன்னு 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அருமையான விஷயம். ஆனா அதைக் காட்டி முதல்ல தூக்கப்போறது இட்லிக்கடை அக்காவையா, இல்லை நடைபாதை மேல ஏத்தி நிறுத்தின காரையா? 1905-ம் வருஷச் சட்டம்கூட நோட்டீஸ் கொடுக்காம யாரையும் வெளியேத்தச் சொல்லலை. சாலையோர வியாபாரிகளுக்குன்னு 2014-ல தனிச் சட்டமே வந்தாச்சு.

கையில இருக்கிற போனை வெச்சு

முதல்ல, அந்த ரோடு யாரோடதுன்னு கண்டுபிடிங்க. உள்தெருன்னா மாநகராட்சி. கொருக்குப்பேட்டைக்குத் தண்டையார்பேட்டை மண்டல அலுவலகம். தண்டவாளத்தை ஒட்டின்னா ரயில்வே. விரைவு சாலைன்னா நெடுஞ்சாலை ஆட்கள். தப்பான ஆபீஸ்ல கொடுத்த மனு, பந்து மாதிரி அங்கேயும் இங்கேயும் போய்க்கிட்டே இருக்கும். மாநகராட்சி விஷயம்னா 1913-க்குக் கூப்பிட்டு, புகார் எண்ணைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

தமிழ்நாடு அரசோட இணைய சேவைத் தளத்துல நில ஆவணங்களைப் பார்க்கலாம். உங்க சந்து அதுல 'பாதை'ன்னு இருக்கா, வேற ஏதாவதா இருக்கான்னு ஒருமுறை பாருங்க. அப்படியே போட்டோ எடுத்து வைங்க, தேதியோட. ஆளுங்க நடந்து போற போட்டோவா இருக்கட்டும், காலி ரோடு போட்டோ எதையும் நிரூபிக்காது. ஏரியாப் பெரியவங்க 'நாங்க சின்ன வயசுல இப்படித்தான் கடலுக்குப் போவோம்'னு சொல்றதை வீடியோவா எடுங்க. பொதுவழியே இல்லைன்னு எவனாவது நாளைக்கு வாதாடினா, இதெல்லாம் சாட்சி.

அப்புறம் 10 ரூபாய்ல ஒரு தகவல் உரிமை மனு. 30 நாளுக்குள்ள பதில் வரணும். மேம்பாலத்தைப் பத்திக் கேட்கிறதா இருந்தா, 'வேலை எப்போ முடியும்'னு மட்டும் கேட்டு விட்டுடாதீங்க. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தோட நகலைக் கேளுங்க. கேட்டை மூடினா நடந்து போறவங்களுக்கும் சக்கர நாற்காலியில வர்றவங்களுக்கும் என்ன வழின்னு கேளுங்க. வர்ற பதில்ல 'படிக்கட்டு', 'சுரங்கப்பாதை', 'லிஃப்ட்'ல ஏதாவது ஒரு வார்த்தையாவது இருக்கான்னு தேடிப் பாருங்க.